கதம்ஷோவின் திரிகையும் பதினோரு தையலும்

எங்கள் மலையூரான சர்தராவில் கதம்ஷோவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் பாதி அவரே கிளப்பிவிட்டது. நான் சொல்வதை மட்டும் நீங்கள் நம்பலாம். அந்த ஆளின் உடம்பில் இருக்கும் பதினோரு தையலும் என் கையால் போட்டவை. ஊர் மருந்தகத்தில் இருபத்தாறு வருஷமாக ஊசி போடுகிறவள் நான். யார் எங்கே விழுந்தார்கள், எதற்காக விழுந்தார்கள், வீட்டில் போய் அதை எப்படி மாற்றிச் சொன்னார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி.

கதம்ஷோ முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கோரோக்கில் ஏற்றியதை ஓஷில் இறக்குவார், ஓஷில் ஏற்றியதை கோரோக்கில் இறக்குவார், வழியில் ஒவ்வொரு கணவாயிலும் ஒரு புளுகை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார். ஒருமுறை பனிச்சரிவில் லாரி மாட்டிக்கொண்டது உண்மைதான். ஒரு ராத்திரி உள்ளேயே கிடந்தார். அடுத்த வருஷம் அது மூன்று ராத்திரி ஆனது. அதற்கடுத்த வருஷம் ஒரு ஓநாய் வந்து சேர்ந்தது. நான் கடைசியாகக் கேட்டபோது அந்த ஓநாய் லாரிப் படியில் ஏறிக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. மனைவி இறந்து, இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து, லாரியும் ஓடி ஓய்ந்த பிறகு அதை ஆப்ரிகாட் தோட்டத்தில் நிறுத்திவிட்டார். இப்போது ஓட்டுநர் இருக்கையில் கோழி அடைகாக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் அந்த மனுஷனுக்கு வாயைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று.

இனி என் அண்ணி நஸர்பெகிம். என் அண்ணன் இறந்த பிறகு அவளும் நானும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பசு. ரஷ்யாவுக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. அண்ணி கீழ்ப் பள்ளத்தாக்குக்காரி, மல்பெரி மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். எங்கள் உயரத்தில் அந்த மரம் நிற்காது. கோதுமை, பார்லி, கொஞ்சம் ஆப்ரிகாட், கல், காற்று, இவ்வளவுதான் எங்களுக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன் தவ்லத் வீட்டுக் கல்யாணத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தவ்லத் எங்கள் ஊரில் கரண்ட் மில் வைத்திருப்பவர். குளிர்காலத்தில் கரண்ட் எப்போது வரும் என்று கடவுளுக்கும் தெரியாது, தவ்லத்துக்கும் தெரியாது. அவர் வீட்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்ட கதம்ஷோ, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"என்னப்பா இது, கருகின மாவு! எங்க பாட்டன் கட்டின தண்ணித் திரிகை மாவு இருக்கே, அதுல ரொட்டி சுட்டா மூணாவது வீட்டுக்காரன் எழுந்து வருவான்."

ஆப்ரிகாட் ரசம் ஊற்றிக்கொண்டு வந்த அண்ணி நின்றாள். "அந்தத் திரிகையிலதானே தவ்லத் அண்ணனோட கழுதை கட்டியிருக்கு?"

"கழுதை நிக்குது, சரி. கல்லு இருக்குல்ல?"

"இருந்தா அரைச்சுக் கொண்டாங்க. நவ்ரூஸ் அன்னிக்கு உங்க தோள்ல நானே தூவுறேன்."

பந்தல் கூரை பிய்கிற மாதிரி சிரிப்பு. மார்ச்சில் வசந்தம் பிறக்கும் நவ்ரூஸ் பண்டிகைக் காலையில் ஆண்கள் வெளியே போய்விடுவார்கள். பெண்கள் வீட்டைத் துடைத்துப் பெருக்கி முடித்ததும், வீட்டுக்காரர் வாசலில் வந்து வாழ்த்துச் சொல்வார். அவர் மனைவிதான் அவருடைய வலது தோளில் மாவு தூவி உள்ளே அழைப்பாள். மனைவிதான், வேறு யாரும் இல்லை. அண்ணி வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகும் அவள் "சும்மா சொன்னேன்" என்று மட்டும் சொல்லவில்லை. கதம்ஷோ அதைக் கவனித்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் கழுதையை அவிழ்த்துத் தவ்லத் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டினார்.

திரிகை கிடந்த கிடப்பைச் சொல்லி மாளாது. கூரை இல்லை. வாய்க்காலிலிருந்து தண்ணீரைக் கீழே பாய்ச்சும் மரத் தொட்டி இல்லை. அடியில் படுத்துச் சுழல வேண்டிய சக்கரத்தில் நாலு பலகைதான் மிச்சம். அடிக்கல் சாணத்துக்குக் கீழே பத்திரமாக இருந்தது. மேற்கல்லைக் காணோம். மூன்று மாதம் தேடினார். கடைசியில் அது தவ்லத் வீட்டு வாசற்படியாக இருந்தது, தலைகீழாக.

"எடுத்துக்கோ" என்றார் தவ்லத். "ஆனா நான் எப்படி வீட்டை விட்டு இறங்குறது?"

"குதி" என்றார் கதம்ஷோ.

தவ்லத்தின் நாய்க்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கெண்டைக்காலில் நாலு தையல். படி போன இடத்தில் கதம்ஷோ தன் லாரி டயர் ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். தவ்லத் வீட்டில் இன்றைக்கும் அதில் கால் வைத்துத்தான் இறங்குகிறார்கள், கொஞ்சம் துள்ளும்.

கல் கொத்தத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. அவர் தானாகவே கற்றுக்கொண்டார், அதாவது தன் கட்டை விரலைக் கொத்திக்கொண்டார். அதற்கு நாலு தையல். கண்ணில் தெறித்த கல் தூளை வாரத்துக்கு ஒருமுறை கழுவிவிட்டேன். சக்கரத்துக்கு ஆப்ரிகாட் மரம், தொட்டிக்கு பாப்லர் மரம். முதல் சக்கரம் தண்ணீர் பட்டதும் பிளந்தது. இரண்டாவதை அவரே கோடாலியால் பிளந்தார், கோணலாக இருந்ததாம். மூன்றாவது செய்துகொண்டிருந்தபோது மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்து, அவருக்கு ஒரு பழைய அங்கியை மாட்டிவிட்டுப் படம் எடுத்து, வாசலில் ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். "பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னம். தொடாதீர்கள்." சக்கரமே சுற்றவில்லை, அதற்குள் பலகை வந்துவிட்டது. தொடாமல் எப்படி அரைப்பதாம்? கதம்ஷோ அந்தப் பலகையில் தன் கோட்டை மாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அண்ணியின் மகன் மாஸ்கோவிலிருந்து டிக்கெட் அனுப்பினான். நவ்ரூஸ் முடிந்து நாலாம் நாள் விமானம். அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா வந்து கூடவே இருக்கவேண்டுமாம், திரும்பி வருகிற பேச்சே இல்லை. அண்ணி மகனிடம் "சரி" என்றாள். என்னிடம் "பசுவை நல்லாப் பாத்துக்கோ" என்றாள். செய்தி கதம்ஷோவுக்கு எட்டிய அன்றிலிருந்து அவர் தூங்கவே இல்லை. நவ்ரூஸுக்குள் அந்தக் கல் மாவு தள்ளவேண்டும். தள்ளாவிட்டால் அண்ணி போய்விடுவாள். ஊர் முழுக்க இதே பேச்சு.

நவ்ரூஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல் தண்ணீர் திறந்தார். ஊரே திரண்டு நின்றது, அண்ணி ஒருத்தியைத் தவிர. தண்ணீர் தொட்டியில் இறங்கியது, கீழே சக்கரம் ஒருமுறை முனகியது, இருமுறை முனகியது, மேலே கல் அசைந்தது, பிறகு சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது! தப்பு அடித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், தவ்லத்கூடத் தன்னை மறந்து கைதட்டினார். கதம்ஷோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்தேழு வயது மனுஷன், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர், ஓடிப்போய் அந்தக் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். சுற்றினார். குல்லா ஒரு பக்கம் பறந்தது, ஒரு செருப்பு இன்னொரு பக்கம் பறந்தது. பாடிக்கொண்டே சுற்றினார். இறங்கி, இரண்டு கையையும் விரித்து எங்களைப் பார்த்து நடந்து வந்து, கதவு நிலையில் நேராக மோதினார். நெற்றியில் மூன்று தையல்.

தையல் போடும்போது கிசுகிசுத்தார்: "தங்கச்சி, உன் அண்ணிக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?"

"ஆடாம இருங்கண்ணே. மல்பெரி மாவு. அவ ஊர்ல உருண்டை பிடிச்சுத் தின்னுவாங்க."

"மல்பெரிக்கு நான் எங்க போவேன்?"

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. அண்ணி வீட்டார் இலையுதிர் காலத்தில் அனுப்பிய உலர்ந்த மல்பெரி மூட்டை எங்கள் வீட்டில் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தேன். அவள் போகாமல் இருக்க ஏதாவது செய்யவேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவள் அவர் வீட்டுக்குப் போனால் இருநூறு காலடி தூரம். மாஸ்கோ என்றால் மலை இறங்கி விமானம் பிடித்துப் போய்ச் சேர மூன்று நாள் பயணம். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்.

நவ்ரூஸுக்கு முந்தின நாள் மத்தியானம், நல்ல வெயில். கோதுமையை மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் அரைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் ரகசியமாக மல்பெரியை அரைத்துவிடலாம் என்று கதம்ஷோ மூட்டையைக் கவிழ்த்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். முதல் இரண்டு கை மாவு தங்கமாக வந்தது. என்ன வாசனை! இருவரும் விரலை நக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அடுத்த நிமிஷம் சத்தம் மாறியது. கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த கல் கர்ர் என்றது, பிறகு ம்ம்ம் என்றது, பிறகு நின்றுவிட்டது. கீழே தண்ணீர் சக்கரத்தை அறைந்துகொண்டே இருக்கிறது, மேலே கல் அசையவில்லை. கதம்ஷோ ஓடிப்போய் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிவிட்டார்.

நாலு பேர் கடப்பாரை போட்டும் மேற்கல் எழும்பவில்லை. இரண்டு கல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே கல்லாகிவிட்டன. தவ்லத் எட்டிப் பார்த்தார். "என்ன கதம்ஷோ, திரிகை கட்டினியா, மிட்டாய்க் கடை கட்டினியா?"

கதம்ஷோ பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அந்த வாய் மூடி நான் பார்த்ததில்லை. சம்மட்டியைக் கையில் எடுத்தார்.

"அண்ணே, அதைக் கீழ வைங்க. கல்லு உடைஞ்சா எல்லாம் போச்சு."

வைத்தார். வாசலில் போய்ப் பலகைக்கு அடியில் உட்கார்ந்தார். "அவ போயிடுவா தங்கச்சி" என்றார். "நானே என் கையால அனுப்பிவச்சேன்."

நான் ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் ஓடியதை ஊர் இன்னும் நடித்துக்காட்டுகிறது. அண்ணி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக அந்தப் பெட்டியில் ஒன்றை வைப்பாள், இரண்டை எடுப்பாள். பெட்டி நிறையவே இல்லை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எந்த மூட்டை?" என்றாள்.

"உங்க ஊர் மூட்டைதான்."

"அது கூரை மேல குளிர்ல தொங்குச்சே?"

"எலி வருமேன்னு அடுப்புக்குப் பின்னால எடுத்து வச்சேன்."

"எப்ப வச்சே?"

"ஜனவரி ஒண்ணாந் தேதி."

அண்ணி என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். பெட்டியின் மேலேயே சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மூணு மாசம் அடுப்புல காய வச்ச மல்பெரி! அதை வெயில் நேரத்துல அரைக்கிறாராம்! என் ஊர்ல கேட்டா உங்க ரெண்டு பேரையும் கழுதை மேல ஏத்தி ஊர்வலம் விடுவாங்க, கிஷ்வர்!" சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "அந்த மனுஷன் என்ன பண்றார்?"

"உட்கார்ந்திருக்கார். பேசலை."

"பேசலையா?"

எழுந்து பூட்ஸை மாட்டினாள். அலமாரியிலிருந்து ஒரு படி பார்லியை எடுத்துச் சட்டியில் போட்டுக் கருக வறுத்தாள், துணியில் கட்டிக்கொண்டாள், கதவைத் திறந்தாள்.

"அண்ணி, நில்லுங்க. நவ்ரூஸ் இன்னும் வரலை. நீங்களே அவர் இடத்துக்குப் போனா ஊரு பார்க்கும்."

"பார்க்கட்டுமே. பார்க்கத்தானே அங்க பலகை வச்சிருக்காங்க."

பட்டப்பகலில் தெருவின் நடுவில் நடந்து போனாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் பின்னால் நொண்டிக்கொண்டே போனேன்.

அவளைக் கண்டதும் கதம்ஷோ எழுந்து நின்றார். அண்ணி உள்ளே போய்க் கல்லை ஒருமுறை சுற்றிவந்து, ஓரத்தில் கசிந்திருந்த பழுப்புப் பாகை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "கூரைப் பலகையைக் கழட்டுங்க. கதவைத் திறந்து போடுங்க. காலைல உறைபனி விழுற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. சூட்டுல இது பிசினாத்தான் இருக்கும். குளிர்ல விறைச்சுக்கும். அப்பத் தட்டினா உதிரும்." திரும்பி அவரைப் பார்த்தாள். "கல்லு மேல ஏறி உட்கார்ந்தீங்களாமே?"

"ஒரே ஒரு தடவை."

"எத்தனை சுத்து?"

"ஒன்பது."

"விழுந்தீங்களா?"

"இல்ல. கதவுதான் வந்து இடிச்சுது."

அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

நவ்ரூஸ் காலையில் மூச்சு விட்டால் மீசையில் பனி பூக்கிற குளிர். நாங்கள் போனபோது ஊர் ஏற்கனவே அங்கே நின்றிருந்தது. அண்ணி மரச் சுத்தியலால் கல்லின் ஓரத்தைச் சுற்றித் தட்டினாள். டொக், டொக், டொக். எங்கோ கண்ணாடி விரிசல் விடுகிற மாதிரி ஒரு சத்தம். "இப்ப நெம்புங்க" என்றாள். மேற்கல் அப்பளம் மாதிரி எழும்பி வந்துவிட்டது. உள்ளே பளபளவென்று பழுப்புச் சில்லுகள். தவ்லத் இரண்டு சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மிட்டாய் நல்லாத்தான் இருக்கு" என்றார். கல்லைச் சுரண்டி, மறுபடி ஏற்றி, தண்ணீர் திறந்து, முதலில் வறுத்த பார்லியை ஓடவிட்டார்கள். மிச்சப் பிசுக்கை அது துடைத்துக்கொண்டு வந்தது. பிறகு கோதுமை. வெதுவெதுப்பாக, கொஞ்சம் பழுப்பாக, வாசனையோடு மாவு விழுந்தது. ஊர் போட்ட கூச்சலில் மலையில் ஆடுகள் கலைந்து ஓடின.

அண்ணி தன் தலைத்துணியின் முனையில் இரண்டு கை மாவை முடிந்துகொண்டாள். "வீடு இன்னும் பெருக்கலை. நீங்க வெளிய நின்னு வழக்கப்படி வாங்க" என்று அவரைப் பார்க்காமலே சொல்லிவிட்டு நடந்தாள்.

பெருக்கினோம். பெட்டியில் இருந்ததை எல்லாம் அண்ணி அலமாரிக்கே திருப்பி வைத்தாள். பாலூற்றிய உப்புத் தேநீர் அடுப்பில் கொதித்தது. எங்கள் வீட்டில் ஆண் இல்லாத ஒன்பது நவ்ரூஸிலும் என்ன செய்தோம் என்று உங்களுக்குச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லவேண்டாம். ஆண் வந்து வாழ்த்தாத வீட்டில் வசந்தம் நுழையாது என்று அண்ணி முதல் வருஷம் அழுதாள். நான் என் அண்ணனின் குல்லாவைப் போட்டுக்கொண்டு வெளியே போய், தொண்டையைக் கனைத்து, அவர் குரலில் வாழ்த்தினேன். அவள் அழுதுகொண்டே சிரித்து, என் தோளில் மாவு தூவினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நானே. இந்த வருஷம் குல்லா ஆணியில் தொங்கியது. நான் உள்ளே நின்றேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, சொன்னால் என்ன.

கதம்ஷோ வாசலில் வந்து நின்றார். நெற்றியில் கட்டு, துவைத்த சட்டை. பின்னால் பாதி ஊர். அண்ணி கையில் மாவோடு காத்திருந்தாள். "வசந்தம் வாழ்க" என்று அவர் முதலில் சொல்லவேண்டும், சொன்னால்தான் மாவு. முப்பது வருஷம் வாய் மூடாத மனுஷன், வாயைத் திறந்தார், மூடினார். கண் நிறைந்து வழிந்தது. ஒரு சொல் வரவில்லை.

"சொல்லுங்கண்ணே" என்று நான் உள்ளிருந்து முணுமுணுத்தேன். "வசந்தம்..."

"சுத்துது, நஸர்" என்றார் அவர். "இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

"கேட்குது" என்றாள் அண்ணி. அவருடைய வலது தோளில் மாவைத் தூவினாள். "உள்ள வாங்க, குளிருது."

அவர் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். அண்ணி அவரோடு போகவில்லை. திரும்பி என்னிடம் வந்து, உள்ளங்கையில் மிச்சம் வைத்திருந்த பாதி மாவை என் வலது தோளில் போட்டு, கையால் ஒருமுறை அழுத்தினாள்.